விட்டுப்போன ஓர் எழுத்து

மாடிப்படிக்கு அடியில் அடைந்து கிடந்த துடைப்பமும் உடைந்த பெட்டிகளும் போய், அங்கே இப்போது ஒரு பாயும், முழங்கால் உயர மேசையும், ஒரு புது நோட்டும் இருக்கின்றன. படிகளின் இடுக்கு வழியே காலை வெயில் பட்டை பட்டையாக இறங்கி, வெற்றுத் தாளில் கோடு போடுகிறது. அச்சகத்தில் பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறவள், சொந்தமாக ஒரு வரி எழுதிப் பார்க்கலாம் என்று செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேல் மகள் தடதடவென்று படியிறங்குகிறாள். "ஏய், அடியில அம்மா!" என்று கணவர் அதட்டியதும் அந்தக் கால்கள் பூனைக் கால்களாகின்றன. எலக்ட்ரீஷியனான அவர், மூக்கு நுனியில் நீலப் பெயின்ட்டோடு, தானே எழுதிய பலகையை ஆணியில் மாட்டுகிறார். "இப்பப் பாரு!" பார்க்கிறாள். 'அம்மா எழும் இடம்.' 'எழுதும்' என்பதில் 'து'வைக் காணோம். பழக்கதோஷத்தில் அவள் கை காதோரம் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவுக்குப் போகிறது. மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறாள். "என்ன, தப்பா? உனக்குப் பயந்து நாலு தடவ படிச்சுப் பாத்தேனே!" அவள் அதை வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள். எழும் இடம். முகமெல்லாம் சிரிப்பாகிறது. "ஒரு தப்பும் இல்லங்க" என்கிறாள். பிறகு சிவப்புப் பேனாவை மகளிடம் நீட்டுகிறாள். "இதக் கொண்டுபோய் வெளிய, என் செருப்புப் பக்கத்துல வை."