ஒத்தைச் செருப்பு

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்! ஒண்ணு அந்த நாய் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மாடி வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் குடியிருப்பே வாசலுக்கு வந்துவிட்டது. கையில் தடி வேறு!

விஷயம் இதுதான். கீழ் வீட்டு நர்ஸ் வளர்க்கும் நாய் பட்டாணி. தினமும் காலையில் மாடியேறிப் போய், மாடி வீட்டுக்காரருடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. குடியிருப்பில் அத்தனை செருப்பு கிடக்க, அதற்கு அவர் செருப்புதான் வேண்டுமாம்!

"உள்ள எடுத்து வைக்கலாமே சார்?" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"உள்ளதான்யா வைக்கிறேன்! காலையில பார்த்தா வெளிய கிடக்கு. என்னைப் பூங்காவைச் சுத்த விட்டுட்டு, கடைசியில என் வாசல்லயே கொண்டாந்து போடுது. என்ன கொழுப்பு பாருங்க! அது பின்னாடி ஓடி ஓடி பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது!"

நர்ஸுக்கு அழுகை முட்டியது. "சார், பட்டாணி தப்பு பண்ற நாயே இல்ல. சொன்னதைச் செஞ்சா ஒரு பிஸ்கட், ஒரு சபாஷ். இப்படித்தான் நான் பழக்கியிருக்கேன்."

"அதான் கெட்டுப்போச்சு! நாலு போடு போட்டிருந்தா அடங்கியிருக்கும். பிஸ்கட்டாம் பிஸ்கட்!"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கும் எடுத்துச்சுன்னா நாயை வேற எங்கயாவது விட்டுடணும்மா. வேற வழியில்ல."

சொல்லி வாய் மூடவில்லை. படிக்கட்டில் தடதடவென்று சத்தம். பட்டாணி! வாயில் செருப்பு!

"பிடி! பிடி! விடாதே!"

மொத்தக் குடியிருப்பும் ஓட்டம் பிடித்தது. தடியோடு அவர், வாயில் பிரஷ்ஷோடு எதிர் வீட்டுக்காரர், மூச்சிரைக்கச் செயலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டே நர்ஸ். ஆகா, பார்க்க ரெண்டு கண் போதாது!

ஓடும்போதுதான் நர்ஸ் கவனித்தாள். மாடி வீட்டுக்காரர் மூச்சு வாங்கி நின்றால் பட்டாணியும் நின்றது. திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. அவர் கிளம்பினால்தான் அதுவும் கிளம்பியது. இப்படியும் ஒரு திருடனா?

பூங்காவைச் சுற்றிவிட்டுப் பட்டாணி குடியிருப்புக்கே திரும்ப, "இது யாரோ கத்துக் குடுத்த வேலை!" என்று கத்தியபடி, அதன் பின்னாலேயே நர்ஸ் முதல் ஆளாய் மாடியேறினாள்.

அங்கே மாடி வீட்டுக்காரரின் மனைவி, பால்கனி வழியே கணவர் கேட்டுக்குள் நுழைவதை எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து பட்டாணியின் வாயில் பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சமர்த்துடா என் ராஜா!"

பின்னாலேயே வந்து சேர்ந்த கணவர் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி! நீயா?"

அந்தம்மா அசரவே இல்லை.

"ஆமா, நான்தான். நடங்க நடங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கால்ல விழாத குறையா நானும் கெஞ்சினேன். சோபாவை விட்டு எழுந்தீங்களா? போன வாரம் சர்க்கரை இறங்கிடுச்சு, இனிமே ஊசி வேண்டாம்னு அவர் சொன்னப்ப குதிச்சீங்களே, அது யாரால?"

அவர் கையிலிருந்த தடி மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது.

நர்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "அதுக்காக, செருப்பைத் திருடினா பிஸ்கட்டுன்னா பழக்குவீங்கம்மா?"

"ஐயையோ, செருப்புக்கு நான் ஏம்மா பிஸ்கட் குடுக்கிறேன்? இந்த மனுஷனை நடுவழியில விட்டுடாம, பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாத்தான் குடுப்பேன்!"