அகப்படாத முகம்

கைதட்டலில் கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. புகைப்படப் போட்டியில் முதல் பரிசு. அதை வென்றவன் தன் ஸ்டூடியோ கூட்டாளி என்பதால், மனைவியோடு பின்வரிசையில் நிற்கும் புகைப்படக்காரரும் கைதட்டப் போகிறார். பரிசுப் படத்தை மூடியிருந்த திரை விலகியதும் தூக்கிய கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. படத்தில் இருப்பது அவர் மனைவி. ஜன்னல் வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் விழ, தோள் தளர்ந்து, உதடு லேசாகப் பிரிந்து, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமும் தொழில் கற்காதவர் அந்தப் புகைப்படக்காரர். படம் எடுத்து "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகு ஒருநாள் விரல் தவறி கேமரா பட்டனில் பட்டது. எதிரில் இருந்தவரின் முகம் விறைப்பை இறக்கி வைத்த அந்த நொடி படத்தில் விழுந்தது. அன்றிலிருந்து அதுதான் அவர் பாணி. ஆறு வருஷமாக அதில் அகப்படாத ஒரே முகம் மனைவியுடையது. "உங்க தந்திரம்தான் எனக்குத் தெரியுமே!" என்று ஒவ்வொரு முறையும் சிரித்துத் தப்பிவிடுவாள். கேடயத்தை அணைத்தபடி கூட்டாளி மேடையிலிருந்து இறங்கி வருகிறான். "என்ன குருவே, மூஞ்சி சுண்டிப்போச்சு? உங்க வித்தையைச் சுட்டுட்டேன்னு கோபமா?" சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் மனைவி பக்கம் திரும்புகிறார். "உன்னையும் முடிஞ்சுதுன்னு ஏமாத்தித்தான் எடுத்தானா?" அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றுகிறாள், கண் படத்தை விட்டு நகரவில்லை.

"இல்லைங்க, அவர் எதுவுமே சொல்லல. அவர்கூட இருக்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும்."