மொட்டையாக நின்ற மயில்கொன்றை

அன்வருதீன் பாய்தான் மரத்தைச் சாகடித்துவிட்டார் என்று எங்கள் தெரு முடிவு கட்டிவிட்டது.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் நிற்கிற மயில்கொன்றை. நட்டு ஆளாக்கியதே அவர்தான். மாசியில், சாம்பல் புதனுக்குள் ஓர் இலைகூட மிச்சமில்லாமல் கொட்டி மொட்டையாக நின்றது.

"போன வருஷமும்தான் கொட்டுச்சு. இப்படியா வழிச்செடுத்த மாதிரி?" என்றார் பக்கத்து வீட்டு கமலவேணி அக்கா. "நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கிறாரே, பிரஷ் கழுவின தின்னரை வேற எங்க ஊத்துவாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மரத்தை ஒட்டிக் குடியிருப்பவள் நான்தானே. இருக்கலாம் என்றேன்.

பாய் மறுக்கவில்லை. சித்திரை வரட்டும், பாக்கலாம் என்றதோடு சரி.

"தின்னர் குடிச்ச மரம் பூக்குமா பாய்?" என்று அக்கா விடாமல் கேட்டதற்கும் சிரித்துவிட்டுப் போனார்.

மரம் போனதில் எனக்கு வருத்தமில்லை. போன புயலில் பக்கத்துத் தெருவில் இதே மாதிரி மரம் முறிந்து ஒரு வீட்டு ஷீட் கூரையைப் பிளந்தது. என் ஜெர்லினுக்குப் பத்து மாசம். அவள் தூளி தொங்கும் ஜன்னலுக்கு மேலேதான் பெரிய கிளை. வீட்டுக்காரர் சேதராப்பட்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால், காற்று அடிக்கும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடுவேன். கிளையை எடுங்கள் என்று பாயிடம் கேட்க வாய் வரவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்தவர்.

நேற்று காலை அவரே மரம் வெட்டுகிற ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் கத்தி முனையால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை.

"உசுரோடதான் இருக்கு பாய். ரெண்டு மாசத்துல பூத்துடும். எதுக்குக் கை வைக்கணும்?"

இலை இல்லாதபோதுதான் கிளை எடுக்க வசதி என்ற பாய், எங்கள் ஜன்னலுக்கு மேலிருந்ததைக் காட்டினார். மத்தியானத்துக்குள் அது தரைக்கு வந்துவிட்டது.

வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்த பிறகு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா. இனிமே விடியக்காலையில எழுந்து உப்புத் தண்ணி ஊத்தாத."