பதினைந்துக்குப் பதினைந்து

அவன் அவளுடைய கோட்டை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்தது மூன்று வாரத்துக்கு முந்தைய ஆட்டத்தின் பதிவு. அன்றைக்கு அவன் பக்கத்திலிருந்து என்னவெல்லாம் தெரிந்தது என்று அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

வாசலில் காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லை. அவனிடம் நாற்பது குதிரை வீரர்கள். ஒரு சொடுக்கு போதும்.

அவன் சொடுக்கவில்லை.

இரண்டு நிமிடம் சும்மா நின்றான். பிறகு படையைத் திருப்பிக் காட்டுக்குள் கூட்டிப்போய், விறகு வெட்டுகிறவர்களைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டான்.

அவள் அடுத்த பதிவைத் திறந்தாள். அதிலும் அதே கூத்து. அதற்கடுத்ததிலும்.



இரண்டு வருடமாகக் கணினிப் போர் விளையாட்டுப் போட்டிகளுக்கு வரைபடம் செய்து அனுப்புகிறாள். ஆறு, காடு, மலை எல்லாம் அவள் இழுத்த இழுப்புக்கு வரும். வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர். நிலம் யார் பக்கமும் சாயக்கூடாது. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாய்கிறதா என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். அவளோடு ஆடியவன் பரணி. கட்டிய கணவன். முப்பது ஆட்டம், இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி. வடக்கு ஜெயித்தது பதினைந்து, தெற்கு பதினைந்து.

அதைவிட நேர்த்தியான கணக்கு உண்டா? அனுப்பினாள். முதல் முறையாக ஒரு போட்டியில் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இன்று காலை முதல் சுற்று. அவள் வரைபடத்தில் எட்டு ஆட்டம். எட்டிலும் வடக்குதான் ஜெயித்தது.

வடக்கே ஒரு மேடு இருக்கிறது. அதில் வில்லாளிகளை நிறுத்திவிட்டால் தெற்கத்தி வயலில் ஒருவனும் கதிர் அறுக்க முடியாது. வடக்கே ஆட வந்தவர்கள் எல்லாம் நேரே அதில் ஏறி நின்றார்கள். முப்பது ஆட்டத்தில் இந்த வீட்டில் யாரும் ஏறவில்லை.

இதை யாராவது ஆடிப் பார்த்தீர்களா என்று ஒருவன் எழுதினான். கீழே நூறு பேர் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது.

மாலை ஆறு மணிக்குள் திருத்தித் தந்தால் இரண்டாம் சுற்றில் வைப்போம், இல்லையென்றால் நீக்கிவிடுவோம் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இப்போது மணி இரண்டு.

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பரணி சமையலறையிலிருந்து வந்தான். கையில் அரிசி களைந்த ஈரம். திரையைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"வேணும்னே தோத்தியா?"

"ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்னு பார்த்துக்கிட்டேன். தோத்தா நீ ரெண்டு நாள் பேச மாட்டியே, அபி."

"அந்த மேடு?"

"மூணாவது ஆட்டத்துலயே தெரிஞ்சுது." ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். "நீ அதை அவ்வளவு ஆசையா பண்ணிருந்தே."

ஆசையாகத்தான் செய்தாள். அதனால்தான் சொல்லியிருக்க வேண்டும், மடையா.

தோற்றிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. பதினைந்து நாள், பாவம் என்று அவளுக்கு வெற்றியைப் பிச்சை போட்டிருக்கிறான். அவளும் துள்ளிக் குதித்திருக்கிறாள். அந்த வெட்கம்தான் தாங்கவில்லை.

இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது, நீ சொன்னா சரிதான் என்றான். அவள் வேலையை விட்டபோதும் அதையேதான் சொன்னான். அதெல்லாம் என்ன கணக்கு?

"உட்காரு," என்றாள். "ஆடு. இந்தத் தடவையும் நீ பாவம் பார்த்தது தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

அவன் உட்கார்ந்தான்.

வடக்கு அவனுக்கு. ஒன்பதாவது நிமிடத்தில் அவள் மண்ணைக் கவ்வினாள். அவன் விரல்கள் இவ்வளவு வேகமாக ஓடும் என்று அவளுக்குத் தெரியாது.

மேட்டைத் தாழ்த்தினாள். வயலைத் தள்ளி வைத்தாள்.

பதினான்கு நிமிடம். மறுபடியும் அவன்.

"ஆத்தைத் தாண்ட ஒரே ஒரு துறைதான் இருக்கு," என்றான். "அதை அடைச்சா நீ செத்தே."

எகிறினாள். உனக்கென்னடா தெரியும் என்று கத்தினாள். கத்திக்கொண்டே ஆற்றில் இரண்டாவது துறையை வெட்டினாள். அவன் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிந்தது.

குக்கர் கூவி ஓய்ந்தது. யாரும் எழவில்லை.

மூன்றாவதும் அவன். பக்கம் மாற்றினார்கள். நான்காவதும் அவன், ஆனால் அரை மணி நேரம் இழுத்தது. ஐந்தாவதிலும் ஜெயித்தான்; நெற்றியில் வேர்த்திருந்தது.

ஆறாவதில், மணி ஐந்தே கால், இரண்டு துறையிலும் ஒரே நேரத்தில் இறங்கினாள். அவன் ஒன்றைத்தான் காத்தான். களஞ்சியங்கள் எரிந்தன. அவன் கோட்டை விழுந்தது.

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

பதினைந்து முறை தோற்றபோதும் சிரித்தவன். வாழ்த்துகள் மேடம் என்று கைகொடுத்தவன்.

இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மவுஸைத் தள்ளிவிட்ட வேகத்தில் அது மேசையிலிருந்து விழுந்து ஒயரில் தொங்கியது. அதை எடுக்கக்கூட இல்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

"இன்னொண்ணு போடு," என்றான். "எந்தப் பக்கம் வேணா நீ எடுத்துக்கோ."

அவள் முதலில் திருத்திய வரைபடத்தைப் போட்டிக்கு அனுப்பினாள்.