கயிறு கட்டிய கல்

அவளுக்கு முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தன. சித்தாள் வேலை கொடுத்த வலி. ஜப்பான் வரை கூடவே வந்திருந்தது.

குளத்தைச் சுற்றிப் பாதை. ஏதோ ஒரு பிரபு உலாவுவதற்காக எந்தக் காலத்திலோ போட்ட தோட்டம்.

“எதையும் தொட்டுடாதம்மா.” வாசலிலேயே வெண்ணிலா சொல்லியிருந்தாள்.

மகளுக்கு எட்டாம் மாதம். மரங்களைப் படம் எடுத்தபடி பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் மிதிகல்லின் நடுவில் ஓர் உருண்டைக் கல். தேங்காய் அளவு. கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது.

மகளுக்கு வயிறு மறைக்கும். காலடி தெரியாது. தடுக்கினால்?

கை தானாகப் போயிற்று. நடைவழியில் கிடக்கிற கல்லை ஓரம் வைக்காமல் அவள் தாண்டியதே இல்லை.

பாசிமேல் வைத்தாள். கயிற்றின் கறுப்பு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இடது பக்கமே நடந்தாள்.

குளம் குறுக்கிட்டது. தாண்டிப் போகத் தண்ணீருக்குள் கல் கல்லாய்ப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது கல் ஆடியது. அடியில் மண் அரித்துப் போயிருந்தது.

திரும்பினாள். வெண்ணிலா முதல் கல்லில் நின்றிருந்தாள்.

“வராதடி! அங்கயே நில்லு!”

“ஏம்மா பயப்படற? போகக்கூடாதுன்னா கயிறு கட்டின கல்லு வச்சிருப்பாங்க. இங்கதான் ஒண்ணும் வைக்கலையே.”

பாசிமேல் வைத்த கல் அவள் கண்முன் வந்தது.

மகள் அடுத்த கல்லுக்குக் காலைத் தூக்கினாள்.

கரையில் ஒரு கத்தல். தோட்டக்காரக் கிழவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெண்ணிலாவின் கையைப் பிடித்துக் கரையேற்றினார். பிறகு தாயையும்.

அப்புறம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லியபடி குனிந்தார். இடுப்பு மடங்க. மறுபடியும். மறுபடியும்.

“கல்லு வைக்க மறந்துட்டாராம். தப்பு அவரோடதுதானாம்.” வெண்ணிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “இந்த வயசுல தண்ணில எறங்கிட்டாரு, பாவம்.”

கல்லை நகர்த்தியது தான்தான் என்று சொன்னால், நாளைக்கு மகள் இந்தக் கையை நம்பிப் பிள்ளையைக் கொடுப்பாளா?

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். கிழவர் பாசியில் கல்லைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு கையாலும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முந்தானையில் இருந்த கறுப்புக் கறையைப் பார்த்தார்.

அப்போதும் குனிந்தார்.

“அம்மா, வா. பஸ் வந்துரும்.”

போனாள். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நிற்கிறது.