ஈரக் கழிவு

வெயில் சுள்ளுனு அடிச்சாலும் எஸ்டேட்ல எடை போடுற வசந்தகுமார் இலை மூட்டைக்கு ரெண்டு கிலோவை ஈரக் கழிவுன்னு எடையில குறைக்காம விடமாட்டான்.

மழை நாள்னா சரி, தேயிலை தண்ணியைக் குடிச்சுக் கனக்கும். வெயில் நாள்ல எதுக்குன்னு பறிக்கிற பொம்பளைங்க கேட்டா, "காலைல பனி பேஞ்சுதுல்ல"ம்பான். பனி இல்லேன்னா மேகத்தைக் காட்டுவான். மேகமும் இல்லேன்னா, "எமரால்டு டேம் பக்கத்துலதானே இருக்கு, காத்துல ஈரம்"பான். அதையும் மேனேஜர் குரல்லயே, மேனேஜர் மாதிரியே மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொல்வான். அவங்களும் சிரிச்சுட்டு ரெண்டு கிலோவை விட்டுட்டுப் போவாங்க.

அதனால அவனுக்கு ஒத்தை ரூபா லாபம் கிடையாது. "எடை போட வசந்த் ஒருத்தன் போதும்"னு மேனேஜர் சொல்ற ஒரு வார்த்தைதான்.

பொண்டாட்டி தேவியும் அதே எஸ்டேட்ல இலை பறிக்கிறவதான். அவ மூட்டைக்கும் ரெண்டு கிலோ கழிவு உண்டு. அந்த விசயத்துல ஆளு ரொம்ப நேர்மை.

புதன்கிழமை சாயங்காலம் தேவி ஒரு பேப்பரைக் கொண்டாந்து நீட்டினா. ஊட்டியில அக்குபஞ்சர் கோர்ஸ். சனி, ஞாயிறு வகுப்பு. ஒரு வருசம் படிச்சா சர்டிபிகேட். பீஸு இருபதாயிரம். சேர கடைசி நாள் வர்ற சனிக்கிழமை.

அவ கேட்டதுலயும் காரணம் இருந்துச்சு. வேலை விட்டா, எஸ்டேட் குடியிருப்புல அவங்க லைன் ஊட்டு வாசல்ல ரெண்டு பேராவது கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பறிச்சுப் பறிச்சுக் கட்டைவிரல் வீங்கிப் போனவங்க. எங்க அமுக்குனா வலி எறங்கும்னு தேவி விரலுக்குத் தானா தெரியும்.

"ஏனுங்க, சேரட்டுங்களா?"

"இரு டாக்டரம்மா, எடை போட்டுப் பாப்போம்"னு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையத் திருப்பி வெச்சுக்கிட்டுப் பேனாவை எடுத்தான்.

"அதுக்கு முன்னால பீஸைப் பத்தி ஒண்ணு சொல்லணுங்க."

"அது கடைசியில. மொதல்ல வரவு."

நாளைக்கு ரெண்டு பேரு, ஆளுக்கு நூறு, மாசம் ஆறாயிரம்னு எழுதினான். தேவிக்கு முகமே மாறிப்போச்சு. அப்பறம்தான் கழிக்க ஆரம்பிச்சான்.

சொந்தக்காரங்க எவனும் காசு தரமாட்டான், ரெண்டாயிரம் கழி. மழை மாசத்துல எவ வெளிய வருவா, ஆயிரம் கழி. லைன்காரங்க எப்படிக் கடன் சொல்லுவாங்கன்னு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, "தேவீ, சம்பளத்தன்னைக்குத் தாரேன் கண்ணு"ன்னு இழுத்து நடிச்சே காட்டினான். அதுக்கு ரெண்டாயிரம். மீதி நின்ன ஆயிரத்துல ஊசி, பஞ்சுக்கு ஐநூறு. படிக்கிற வருசம் பூரா ஊட்டிக்குப் பஸ்சு காசு, சனிக்கிழமைச் சம்பளம் வேற போகும். அதெல்லாம் போக, சர்டிபிகேட்டை மாட்டிட்டு டாக்டர்னு போர்டு வெச்சா போலீஸ் வருமேன்னு, விறைப்பா நின்னு லத்தியால கதவைத் தட்டுற மாதிரி ஒரு தட்டு.

தேவிக்குச் சிரிப்பை அடக்க முடியலை. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஈரத்தை மட்டும் அவன் கணக்குல எடுத்துக்கலை.

"ஆமா, பீஸைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லீங்க"ன்னு பேப்பரை மடிச்சா.

சனிக்கிழமை போயிருச்சு.

திங்கக்கிழமை பளிச்சுனு வெயிலு. எடை போடுற எடத்துக்குக் கடைசியா வந்தது இசக்கியம்மா. பறிக்கிறவங்கள்ல மூத்தவங்க. மூட்டை முப்பத்தி நாலு கிலோ காட்டுச்சு. வசந்தகுமார் நோட்டுல முப்பத்தி ரெண்டுன்னு எழுதிட்டு, "காத்துல ஈரம்"னு மேனேஜர் மாதிரி மூக்கை உறிஞ்சினான்.

இசக்கியம்மா சிரிக்கலை.

"கழிச்சுக்கங்க தம்பி, பழகினதுதானே. தினமும் உங்ககிட்ட ரெண்டு கிலோ போகுது. இன்னொரு ரெண்டு கிலோவும் போனதா நெனச்சுக்கிட்டு, அந்தக் காசை ஆறு மாசமா இருவது பேரும் எடுத்து வெச்சோம்."

"எதுக்குங்க?"

"தேவி பீஸுக்குத்தான். எங்க கைவலிக்குப் படிச்சவ ஒருத்தி லைன்லயே இருக்கட்டுமேன்னு. இருபதாயிரத்தையும் முழுசா அவ கையில குடுத்தோம். சனிக்கிழமை ஊடு ஊடா வந்து அத்தனையும் திருப்பிக் குடுத்துட்டா."

வசந்தகுமார் மூட்டையை அவுத்து இலையைக் குவியல்ல கொட்டிட்டுச் சாக்கைக் கீழ போட்டான்.

"ஏன்டீன்னு கேட்டேன். 'எங்க ஊட்டுக்காரர் எடை போட்டுப் பாத்துட்டாருங்க அக்கா, தேறலை'ன்னா."

அவன் நோட்டுல முப்பத்தி ரெண்டை அடிச்சான். பக்கத்துல முப்பத்தி நாலுன்னு எழுதி அவங்க பக்கம் திருப்பிக் காட்டினான்.

"இன்னிக்கு ஈரம் இல்லீங்க அக்கா."

இசக்கியம்மா நோட்டைப் பாக்கலை. வீங்கின கட்டைவிரலை நீவிவிட்டுக்கிட்டே காலிச் சாக்கை எடுத்துத் தோள்ல போட்டாங்க.

"கடைசி நாள் சனிக்கிழமைங்களே தம்பி."