கூப்பிடும் குரல்

பழைய இசைத்தட்டு ஒன்றில் "அம்மா..." என்று ஒரு சிறுமி இழுத்துக் கூப்பிடுவாள். அதை மட்டும் வெட்டியெடுத்து, எலக்ட்ரானிக் தாளத்தோடு சேர்த்துப் பாட்டாக்கியிருந்தான் அவன். பாட்டு ஊரையே ஆட்டிவைத்தது.

ஸ்டுடியோவைத் தேடி வந்த நடுத்தர வயதுப் பெண் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அந்தக் குரலை எடுத்துடுங்க."

"ஓ, அந்தச் சின்னப் பொண்ணு நீங்கதானா? உங்க பேரையும் போட்டுடறேன் மேடம்."

"பேரெல்லாம் வேணாம். எடுத்துட்டாப் போதும்."

"இவ்வளவு நல்ல குரலுக்கு என்னங்க கூச்சம்? அம்மா இருக்காங்களா? போட்டுக் காட்டுங்க, பூரிச்சுப் போவாங்க."

"கேட்டுட்டாங்க. தெருவுல இந்தப் பாட்டு போறப்பல்லாம், தட்டுத் தடுமாறி எழுந்து போய் வாசக்கதவைத் திறக்கறாங்க."

அவனுக்குப் புரியவில்லை. "நீங்கதான் அவங்க கூடவே இருக்கீங்களே?"

"கூப்பிடறது நான் இல்ல தம்பி, எங்க அக்கா. அந்த ரெக்கார்டு கடைக்கு வர்றதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. அம்மாவுக்கு இப்போ அவ போனதே மறந்துபோச்சு."

அவன் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரில் அந்தக் குரலை அழித்தான்.

கீழே தெருவில் ஒரு கார் அதை அலறவிட்டபடி போனது.